இளைஞர் பயிற்சிப் பணத்தை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

அமெரிக்காவில் தொழில் நடத்தும் நம்மவர்கள் சிலருக்குக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு வருவதுண்டு, உள்ளூர் வொர்க்ஃபோர்ஸ் போர்டில் (வேலைப் பயிற்சிக்கு வரும் அரசுப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழு) உறுப்பினராகச் சேர முடியுமா என்று. போர்டில் பாதிக்கு மேல் தொழில்துறையினர் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் ஐ.டி. கம்பெனி, மோட்டல், மருந்துக்கடை, ஃபேக்டரி என்று எல்லோரையும் கேட்பார்கள். சரி, ஊருக்கு ஏதாவது செய்யலாமே என்று ஒத்துக்கொண்ட கொஞ்ச நாளில் மேசைக்கு ஐந்தாறு டெண்டர் விண்ணப்பங்களும் ஒரு மதிப்பெண் தாளும் வந்துவிடும். ஒவ்வொரு விண்ணப்பமும் நூறு பக்கம், எல்லாரும் தங்களைத்தான் சிறந்த பயிற்சி நிறுவனம் என்கிறார்கள், இதில் யாருக்கு மதிப்பெண் போடுவது? இப்படிக் கேட்டு எழுதியவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. எங்கள் பகுதியில் இந்த விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுவில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு முன்னால் எந்த முறை என்ற கேள்வி இருக்கிறது. அதைத் தவறாக முடிவு செய்துவிட்டால் நல்ல நிறுவனம்கூடத் தடுமாறும்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 2014-இல் ஒபாமா கையெழுத்திட்ட வியோவா (WIOA) என்ற கூட்டாட்சி வேலைப் பயிற்சிச் சட்டத்தின் கீழ் இளைஞர் பயிற்சிக்கு ஆண்டுக்குச் சுமார் 95 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. மாநிலம் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, வேலையின்மையையும் வறுமையையும் கணக்கில் எடுக்கும் ஒரு சூத்திரப்படி மீதியை ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்ப் பகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். உங்கள் போர்டுக்கு வருவதில் குறைந்தது 75 சதவீதம், பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகாத 16 முதல் 24 வயது இளைஞர்களுக்குச் செலவாக வேண்டும் (சில மாநிலங்கள் விலக்கு வாங்கி 50 சதவீதமாகக் குறைத்திருக்கின்றன). குறைந்தது 20 சதவீதம் நேரடி வேலை அனுபவத்துக்கு. நிர்வாகச் செலவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டியூஷன் முதல் மனநல ஆலோசனை வரை 14 வகைச் சேவைகளைச் சட்டம் பட்டியலிடுகிறது. எல்லாம் எல்லாருக்கும் தேவையில்லை, ஆனால் தேவைப்படுகிறவருக்கு உங்கள் பகுதியில் கிடைத்தாக வேண்டும். முடித்து வெளியேறியவரை 12 மாதமாவது தொடர்பில் வைத்திருக்கவும் வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

மதிப்பெண் தாளில் இருக்கும் அளவுகோல்கள் (அனுபவம், பணியாளர் தகுதி, பட்ஜெட்) தேவைதான், ஆனால் அவை போதாது. நான் பார்ப்பவை இவை.

யாரைச் சேர்க்கிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவர், வளர்ப்பு இல்லத்தில் இருந்து வந்தவர், சிறைக்குப் போய் வந்தவர், பத்தொன்பது வயதில் கைக்குழந்தையோடு இருப்பவர் என்று இவர்களுக்காக வந்த பணம் இது. சேர்க்கைக்கு முன்னால் நுழைவுத் தேர்வு, மூன்று சுற்று நேர்காணல் என்று வைக்கும் நிறுவனத்தின் தேர்ச்சி விகிதம் அழகாகத்தான் இருக்கும்.

வேலையில் நிலைத்த ஒருவருக்கு ஆகும் செலவு. விண்ணப்பத்தில் இருப்பது சேர்ந்தவருக்கு ஆகும் செலவு. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: இரண்டு நிறுவனங்களும் 3,00,000 டாலர் கேட்கின்றன. ஒருவர் 60 பேரைச் சேர்ப்பதாகச் சொல்கிறார், தலைக்கு 5,000. இன்னொருவர் 40 பேர்தான், தலைக்கு 7,500. கூட்டத்தில் உடனே முதலாமவர் பக்கம் கை தூக்குவார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்து முதல் இடத்தில் 15 பேரும் இரண்டாம் இடத்தில் 24 பேரும் வேலையில் இருந்தால், உண்மையான விலை முதலாவதில் 20,000, இரண்டாவதில் 12,500. போன ஒப்பந்தத்தின் எண்களைக் கேட்டு வாங்கி இந்தக் கணக்கை நீங்களே போடுங்கள், யாரும் போட்டுத் தர மாட்டார்கள்.

ரிஸ்க் யார் தலையில். இதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியம், பணம் கொடுக்கும் முறைகளைப் பேசும்போது விரிவாகச் சொல்கிறேன்.

அப்புறம் இரண்டு சின்ன விஷயங்கள்: உங்கள் போர்டு அலுவலகத்தில் இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க ஆள் இருக்கிறார்களா, சரிப்படவில்லை என்றால் நடுவில் மாற்ற எவ்வளவு காலம் ஆகும்.

## வழி 1: ஒரே நிறுவனத்துக்கு முழு ஒப்பந்தம்

டெண்டர் விட்டு, ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சேர்க்கை, கேஸ் மேனேஜ்மென்ட் (ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனித்து வழிநடத்துவது), பயிற்சி, வேலை தேடித் தருவது எல்லாவற்றையும் அவரிடமே ஒப்படைப்பது. பொதுவாக ஒரு வருட ஒப்பந்தம், சரியாக நடந்தால் இன்னும் சில வருடம் நீட்டிக்கலாம் என்ற ஷரத்தோடு. போர்டுக்கு ஒரே பில், ஒரே ஆடிட், ஒரே போன் நம்பர். இளைஞருக்கும் ஒரே கேஸ் மேனேஜர் ஆரம்பம் முதல் கடைசி வரை, இது சின்ன நன்மை இல்லை. வீட்டில் பிரச்சினை, பஸ்ஸுக்குக் காசு இல்லை, கோர்ட்டுக்குப் போகணும் என்று ஒவ்வொன்றையும் புதுப் புது ஆளிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தால் இருபது வயசுப் பையன் மூன்றாவது வாரம் வருவதை நிறுத்திவிடுவான்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், மூன்று நான்கு வருடம் கழித்துப் போட்டிக்கு வேறு யாருமே இருக்க மாட்டார்கள். அனுபவமுள்ள பணியாளர், முதலாளிகளோடு பழக்கம், மாநிலத்தின் பதிவு மென்பொருளில் கைப்பழக்கம் எல்லாம் அந்த ஒருவரிடமே சேர்ந்துவிடும், அடுத்த டெண்டரில் ஒரே விண்ணப்பம்தான் வரும். இன்னொன்று, பெரிய நிறுவனங்கள் கவுண்டியின் தலைநகரில் ஓர் அலுவலகம் போட்டுவிட்டு நாற்பது மைல் தள்ளி இருக்கும் ஊர்களையும் கவனிப்பதாக எழுதித் தருவார்கள். அந்த ஊர்களிலிருந்து போன வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள்.

சேவைபெறும் இளைஞர் எண்ணிக்கை குறைவாக இருக்கும் கிராமப்புறக் கவுண்டிகளுக்கு இந்த வழிதான் சரி. அங்கே பணத்தைப் பிரித்தால் யாராலும் முழுநேர ஆள் வைக்க முடியாது.

## வழி 2: பலருக்குப் பிரித்துக் கொடுப்பது

பள்ளிச் சான்றிதழுக்குச் சமமான தேர்வுப் பயிற்சியை ஒருவர், வேலை அனுபவத்தை ஒருவர், சிறையிலிருந்து வந்தவர்களை ஒரு சமூக அமைப்பு என்று பிரிப்பது. பெரிய நகரங்களில் இது நன்றாக நடக்கும். ஸ்பானிஷ் பேசும் தெருவில் வேர்விட்ட ஓர் அமைப்பால் சேர்க்க முடிகிற பிள்ளைகளைப் பெரிய நிறுவனத்தால் சேர்க்கவே முடியாது.

செலவு எங்கே ஏறுகிறது என்றால், ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனி மேற்பார்வை, தனி பில் சரிபார்ப்பு, தனி நேரடி ஆய்வு, அத்தனையும் அந்த 10 சதவீத நிர்வாகப் பணத்துக்குள்ளேயே. ஓர் இளைஞர் இரண்டு நிறுவனத்தில் சேவை பெற்று வேலைக்குப் போனால் அந்த வெற்றி யார் கணக்கில் என்ற சண்டையும் வரும். அதனால் ஒருவருக்கொருவர் ஆள் அனுப்பாமல் இருந்துவிடுவார்கள், நஷ்டம் இளைஞருக்கு. பிரித்துக் கொடுப்பதானால் அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் இருவர் கணக்கிலும் அந்த முடிவு ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

சின்ன அமைப்புகளுக்குப் பண ஓட்டம் இன்னொரு இடி. முதலில் செலவு செய், பிறகு பில் போடு என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. பில் பாஸாகி வர இரண்டு மாதம் ஆகும், சம்பளமோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. கையில் இருப்பு இல்லாத அமைப்பு இந்த இடைவெளியிலேயே மூச்சுத் திணறிவிடும். கூட்டாட்சி நிதி விதிகள் முன்பணம் கொடுப்பதை அனுமதிக்கின்றன, ஆனால் போர்டு கேட்டால்தான் நடக்கும். அதேபோல மறைமுகச் செலவுக்கு (அலுவலக வாடகை, கணக்கு வேலை போன்ற பொதுச் செலவு) அரசோடு தனி விகிதம் பேசி வைத்திராத அமைப்புகள் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம், 2024 அக்டோபருக்கு முன் அது 10-ஆக இருந்தது. பழைய 10-ஐயே டெண்டர் படிவத்தில் விட்டுவைத்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள்.

## வழி 3: இளைஞர் கையில் வவுச்சர்

மாநிலம் அங்கீகரித்த பயிற்சிப் பட்டியல் ஒன்று இருக்கும். அதிலிருந்து இளைஞரே தேர்ந்தெடுப்பார், போர்டு கட்டணம் கட்டும். பள்ளியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது பொதுவாகக் கிடையாது, வெளியே இருக்கும் 16–24 வயதினருக்கு உண்டு. தான் எதைப் படிக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கும் இருபத்திரண்டு வயது ஆளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. டெண்டர் தொல்லை கிடையாது, ஓர் ஆள் சேர்ந்தால் மட்டும் பணம் போகும்.

ஆனால் வவுச்சர் கட்டணத்தை மட்டும்தான் கட்டுகிறது. தினமும் வகுப்புக்கு வரச் செய்வது, பஸ் பாஸ், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், இதெல்லாம் வேறு யாரோ செய்ய வேண்டும், அதற்கும் பணம் வேண்டும். கட்டணத்தை மட்டும் பார்த்து இது மலிவு என்று நினைக்கிற போர்டுகள் இங்கேதான் ஏமாறுகின்றன.

தேர்வும் சில சமயம் ஏமாற்றிவிடும். லாரி ஓட்டும் லைசென்ஸ் நல்ல உதாரணம். பயிற்சி சில வாரங்களே, சம்பளம் நன்றாக இருக்கிறது, பட்டியலில் பல பள்ளிகள் உண்டு. பதினெட்டு வயதில் பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸும் கிடைத்துவிடும், ஆனால் மாநில எல்லை தாண்டி ஓட்ட 21 வயது ஆக வேண்டும், பெரிய கம்பெனிகளின் வேலை பெரும்பாலும் எல்லை தாண்டியதுதான். பத்தொன்பது வயதுப் பையன் லைசென்ஸை வைத்துக்கொண்டு வேலைக்காக இரண்டு வருடம் காத்திருப்பான். நர்ஸிங் உதவியாளர் பயிற்சியிலும் இதே கதை உண்டு, பழைய வழக்கு இருப்பவர்களை வேலைக்கு எடுக்கப் பல மாநிலங்களில் தடை இருக்கிறது. பணம் கட்டும் முன் இதைச் சொல்லும் ஆள் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வவுச்சரை மட்டும் கொடுப்பது நியாயமே இல்லை.

## வழி 4: சொந்த ஆட்களை வைத்தே நடத்துவது

பலருக்குத் தெரியாத வழி. உங்கள் பகுதிக்கான பணத்தைப் பெறும் அமைப்பே (கவுண்டியோ போர்டு அலுவலகமோ) இளைஞர் சேவைகளில் சிலவற்றையோ முழுவதையுமோ நேரடியாகச் செய்யலாம் என்று வியோவா விதிகள் சொல்கின்றன. சேர்க்கை, மதிப்பீடு, கேஸ் மேனேஜ்மென்ட், பின்தொடர்தல் ஆகியவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பயிற்சியையும் வேலை அனுபவத்தையும் மட்டும் வெளியே கொடுப்பதும் உண்டு. எனக்கு இந்தக் கலப்பு முறை பிடிக்கும். நிறுவனம் மாறினாலும் இளைஞரின் கேஸ் மேனேஜர் மாற மாட்டார்.

சிக்கல், கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மேற்பார்வையும் சேவையும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கும்படி எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, ஆனால் எண்கள் குறையும்போது தன் ஊழியர்களைப் பற்றித் தானே கடுமையான அறிக்கை எழுத யாருக்கும் மனம் வராது. அரசு ஊழியர்களின் ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் சேர்த்தால் தலைச்செலவு ஏறும், நிதி குறைந்தால் சட்டென்று குறைக்கவும் முடியாது. அங்கீகார காலம் 2020-லேயே முடிந்து, ஆண்டு பட்ஜெட்டை நம்பி ஓடிக்கொண்டிருக்கிற சட்டம் இது என்பதை மறக்க வேண்டாம்.

டெண்டருக்கு விண்ணப்பமே வராத பகுதிகளுக்கும், நல்ல கேஸ் மேனேஜர்கள் ஏற்கெனவே கையில் இருக்கும் பகுதிகளுக்கும் இது பொருந்தும்.

## வழி 5: முதலாளிக்கே பணம்

வேலைக்கு எடுத்துக்கொண்டு அங்கேயே பழக்குவது. சம்பளத்தில் 50 சதவீதத்தைப் போர்டு திருப்பிக் கொடுக்கும், சில நிபந்தனைகளோடு 75 வரை. உறுப்பினர்களில் தொழில் நடத்துபவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும், நியாயமும் உண்டு: பயிற்சி முடிந்ததும் வேலை தேட வேண்டியதில்லை. ஆனால் மானியக் காலம் முடிந்ததும் ஆளை அனுப்பிவிட்டு அடுத்த ஆளை எடுக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள், ஏற்கெனவே எடுத்த ஆட்களில் எத்தனை பேர் ஆறு மாதம் தாண்டினார்கள் என்று பார்க்காமல் இரண்டாவது ஒப்பந்தம் போடக் கூடாது. இதை மட்டுமே நம்பவும் முடியாது, வாசிப்பே தடுமாறும் பிள்ளையை எந்த முதலாளியும் முதல் நாளே எடுக்க மாட்டார். மற்ற வழிகளோடு சேர்த்து, அந்த 20 சதவீத வேலை அனுபவக் கணக்கை நிரப்ப மிக நல்லது.

## பணம் கொடுக்கும் முறை: உண்மையான முடிவு இங்கேதான்

மேலே சொன்னதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணத்தை எப்போது விடுவிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு பக்கம், செலவானதைத் திருப்பிக் கொடுப்பது. இதில் ரிஸ்க் போர்டுடையது. பத்துப் பேர் வர வேண்டிய இடத்தில் மூன்று பேர் வந்தாலும் வாடகையும் சம்பளமும் பில்லாக வந்துகொண்டே இருக்கும். இன்னொரு பக்கம், முடிவுக்கு மட்டும் பணம்: சான்றிதழுக்கு இவ்வளவு, வேலைக்கு இவ்வளவு. தொழில் நடத்துகிறவர்களுக்கு இரண்டாவதுதான் இயல்பாகத் தோன்றும், வேலை முடிந்தால் காசு என்பது நமக்குப் பழகிய விஷயம்.

இங்கேதான் நிதானிக்கச் சொல்கிறேன். ரிஸ்க்கை முழுக்க நிறுவனத்தின் தலையில் வைத்தால் அவர்கள் அதை அப்படியே இளைஞர்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். எப்படியும் வேலைக்குப் போகக்கூடிய பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பார்கள், கடினமானவர்களுக்கு இப்போது இடமில்லை என்று சொல்வார்கள். 1982-இல் வந்த பழைய பயிற்சிச் சட்டத்தின் மீது இருந்த பெரிய குற்றச்சாட்டே இதுதான், இலக்குகளுக்குப் பயந்து பாலில் ஏடு எடுப்பதைப் போல ஆட்களைப் பொறுக்கினார்கள் என்று. அந்தச் சட்டத்தின் கீழ் நடந்த நாடு தழுவிய ஆய்வு, பள்ளிக்கு வெளியே இருந்த இளைஞர்களின் வருமானத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காணவில்லை. 1990-களின் நடுவில் இளைஞர் நிதியே பெருமளவு வெட்டப்பட்டது.

தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதே தவறு என்றும் நான் சொல்ல வரவில்லை. 2000-இல் பாஸ்டனில் தொடங்கிய இயர் அப் என்ற பயிற்சி நிறுவனம் ஆறு மாதப் பயிற்சி, ஆறு மாத இன்டர்ன்ஷிப் என்று நடத்துகிறது. சீட்டுக் குலுக்கல் போல ஆட்களைப் பிரித்து நடத்திய ஆய்வில் வருமான உயர்வு பெரிதாக இருந்தது. செலவு தலைக்குச் சுமார் 28,000 டாலர், அதில் பாதிக்கு மேல் இன்டர்ன்ஷிப் கொடுத்த கம்பெனிகளே கட்டின. ஆனால் அவர்கள் எடுப்பது பள்ளிப் படிப்பை முடித்து, ஆர்வத்தோடு வரும் பிள்ளைகளை. அந்த மாதிரி ஒரு நிறுவனம் உங்கள் ஊரில் இருந்தால் எடுங்கள், ஆனால் முழுப் பணத்தையும் அங்கே வைத்துவிட்டால் அந்தக் கதவுக்குள் நுழைய முடியாதவர்களுக்கு ஊரில் வேறு கதவே இருக்காது.

என் பரிந்துரை கலப்பு: 80–85 சதவீதம் செலவுக்கு ஈடாக, மீதி முடிவுகளுக்கு, அந்த முடிவுத் தொகையும் எல்லாருக்கும் ஒன்றாக இல்லாமல் கடினமான நிலையில் வந்தவர் வெற்றி பெற்றால் கூடுதலாக.

இன்னொரு நுட்பமான விஷயம் தாமதம். சட்டம் கேட்கும் முக்கியமான அளவீடுகளில் ஒன்று, வெளியேறியபின் வரும் நான்காவது காலாண்டில் அவர் வேலையிலோ படிப்பிலோ இருக்கிறாரா என்பது. 2025 ஜூனில் வெளியேறிய ஒருவருக்கு அது 2026 ஏப்ரல்–ஜூன், சம்பளப் பதிவுகள் வந்துசேர இன்னும் சில மாதம். நீங்களோ 2026 வசந்த காலத்திலேயே ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று ஓட்டுப் போட்டாக வேண்டும். ஆகவே உங்கள் முன்னால் வைக்கப்படும் வெற்றி விகிதம் முந்தைய குழுவினுடையது, சில சமயம் முந்தைய மேலாளரின் காலத்தினுடையது. வருகைப் பதிவு, நடுவில் நின்றவர் எண்ணிக்கை, கேஸ் மேனேஜர்கள் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், இந்த மூன்றும் உடனுக்குடன் கிடைக்கும். மாதாமாதம் கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு | ரிஸ்க் பெரும்பாலும் யாருக்கு |
|---|---|---|---|
| ஒரே ஒப்பந்தம் | சின்ன, கிராமப்புறப் பகுதி | போட்டி இல்லாமல் போவது, தூர ஊர்கள் விடுபடுவது | போர்டு |
| பலருக்குப் பிரிப்பது | பெரிய நகரம், பல மொழி, பல சமூகம் | மேற்பார்வை, சின்ன அமைப்புகளின் பணத் தட்டுப்பாடு | நிறுவனங்கள் |
| வவுச்சர் | இலக்குத் தெளிவுள்ள, கொஞ்சம் வயதில் மூத்தவர்கள் | ஆலோசனை, போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு | இளைஞர் |
| சொந்த ஆட்கள் | விண்ணப்பம் வராத பகுதி, கலப்பு முறை | ஊழியர் சலுகைகள், தன்னைத் தானே கண்காணிப்பது | போர்டு, கவுண்டி |
| முதலாளி மானியம் | ஆள் தேவையுள்ள தொழில்கள் அருகில் இருக்கும்போது | மானியம் முடிந்ததும் ஆட்குறைப்பு | முதலாளி, இளைஞர் |

## ஓட்டுப் போடும் முன்

உங்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ நீங்கள் சார்ந்த நிறுவனத்துக்கோ ஆதாயம் வரக்கூடிய விண்ணப்பமாக இருந்தால் ஓட்டு மட்டும் இல்லை, விவாதத்திலேயே கலந்துகொள்ளக் கூடாது. நாம் நிர்வாகக் குழுவில் இருக்கும் தமிழ் அமைப்பு ஒன்று விண்ணப்பித்தாலும் இதுதான் விதி, நல்ல நோக்கம் என்பதெல்லாம் இங்கே செல்லாது. எழுதிக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள்.

நேர்காணலுக்கு விண்ணப்பத்தை எழுதியவரை வரவிடாதீர்கள், பிள்ளைகளோடு தினமும் இருக்கப்போகிற மேலாளர் வரட்டும். கடைசியாக உங்களிடம் வந்து நின்றுபோன மூன்று பேருக்கு என்ன ஆனது, பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேளுங்கள். தெரிந்தவர் தயங்காமல் சொல்வார்.

கடைசியாகக் காலக்கணக்கு. இந்தத் திட்டத்தின் கணக்கு ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. டெண்டரை ஏப்ரலில் விட்டால் புது நிறுவனம் ஆள் எடுத்து முடிக்கும்போது செப்டம்பர் ஆகிவிடும், கோடை வேலை அனுபவம் முழுக்கப் போய்விடும், ஜனவரிக்குள் விடச் சொல்லுங்கள். நிறுவனம் மாறப்போகிறது என்றால், பழைய நிறுவனம் எந்தத் தேதிக்குள் எத்தனை இளைஞர்களின் கோப்புகளை ஒப்படைக்க வேண்டும், ஏற்கெனவே வெளியேறியவர்களின் அந்த 12 மாதத் தொடர்பை யார் முடிப்பது, கடைசி பில்லில் எவ்வளவை அதுவரை நிறுத்திவைப்பது, இந்த மூன்றும் முதல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பிரியும் நேரத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த மூன்று மாதத்தில் போனை எடுக்க யாரும் இல்லாமல் பாதிப் பிள்ளைகள் தொடர்பு விட்டுப் போய்விடுவார்கள்.